லீவரை எடுத்த கை

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்து உதிரிபாகக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு நெட்டை ஜாக்கி சாய்ந்து நின்றது. நெஞ்சளவு உயரம், துளை துளையாக இரும்புத் தண்டு, பக்கத்தில் நீளமான கைப்பிடி. உன்னுடையதைப் போலவே சிவப்பு. அதைப் பார்த்ததும் என் கை தாடைக்குப் போனது.

"ஆஃப்ரோடு போற பசங்க எல்லாரும் இதான் சார் வாங்கினு போறாங்க" என்றான் கடைக்காரன்.

"இது வேணாம்பா. ஜீப்புக்குத் தாங்கற மாதிரி பாட்டில் ஜாக்கி இருந்தா காட்டு."

"ஜீப்புக்கா? ஜீப்புக்கு இதான் சார் கெத்து."

நீயும் இதையேதான் சொன்னாய். சரியாக இந்தச் சொல்லையேதான்.

ஜாக்கி எனக்கில்லை. என்னிடம் இருப்பது இன்னும் அந்தப் பழைய பைக்தான். உன் ஜீப்புக்காகத்தான் கடைக்குப் போனேன். நீ இறந்த பிறகு உன் மனைவி ஸ்டெல்லா அதை விற்கவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டு, வீட்டில் சமைத்து, சிப்காட் கம்பெனிகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிறாள். போன வாரம் ஒரு கம்பெனியின் பின்பக்க மண் ரோட்டில் டயர் பஞ்சர். உன் சிவப்பு ஜாக்கியைத் தொடப் பயந்து, வண்டியோடு வந்த திருகு ஜாக்கியைப் போட்டிருக்கிறாள். அது வண்டியைத் தூக்காமல், தானே மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. சாப்பாடு ஆறிப்போய், பாதிப் பேர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டார்களாம். அன்று சாயங்காலமே எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, நீங்க அடிபட்டவரு. எது ஆபத்தில்லாததுன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஒரு ஜாக்கி பாத்து வாங்கிக் குடுங்க."

அடிபட்டவன். ஆமாம், என் பெயர் இப்போது அதுதான்.

அந்த ஜீப்பை நீ வாங்கிய புதிதில் நாம் போகாத இடமில்லை. ஒரே கம்பெனியில் நீ ஸ்டோர்ஸ், நான் மெயின்டனன்ஸ். வாரம் முழுக்க ஒரே பட்டறைச் சத்தத்தில் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழவேற்காட்டு மணல், ஆரணியாற்றுப் படுகை, ஊத்துக்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத் தடங்கள் என்று போய்க்கொண்டே இருப்போம். நீ ஓட்டுவாய். பின் சக்கரம் மணலில் சுற்றும்போது குழந்தை மாதிரி கத்துவாய். இறங்கித் தள்ளுவது நான். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அப்படிச் சிரித்தவர்கள் என் வாழ்க்கையில் அதிகம் பேர் இல்லை.

பழவேற்காட்டில் அந்தத் திருகு ஜாக்கி முதல் தடவை மணலில் புதைந்தபோதுதான் பேச்சு வந்தது. எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் குட்டையான பாட்டில் ஜாக்கி வாங்கு என்றேன். அடியில் தடித்த பலகை போட்டால் மணலில் இறங்காது. ஆக்ஸிலுக்குக் கீழே வைத்தால் சக்கரத்தை நேராகத் தூக்கும், வண்டி ஆடாது. நெட்டை ஜாக்கி பம்பரைத்தான் பிடிக்கும். பாடி முழுக்க மேலே போன பிறகுதான் சக்கரம் தரையை விடும், அதுவரை வண்டி ஊஞ்சல்தான். சேற்றிலிருந்து வண்டியைக் கிளப்ப அது நல்ல சாமான், டயர் மாற்ற அல்ல. இதெல்லாம் நான் சொன்னேன். நீ கேட்டுவிட்டுச் சிரித்தாய்.

"பாட்டில் ஜாக்கிய லாரிக்காரன் சீட்டுக்கு அடியில போட்டுக்கினு இருப்பான் மச்சி. நாம இன்னா லாரியா ஓட்றோம்? பானட்டு மேல இது நின்னா போட்டோல எப்டி கெத்தா இருக்கும், நெனச்சுப் பாரு."

அடுத்த வாரமே வாங்கி மாட்டிவிட்டாய். போட்டோவும் நன்றாகத்தான் இருந்தது.

ஊத்துக்கோட்டைக்கு அப்பால் அந்த ஏரிக்கரைத் தடத்தை நான் மறக்கப்போவதில்லை. பின் டயரில் கருவேல முள். உன் ஜாக்கியைப் போட்டுத் தூக்கினோம். முன் சக்கரங்களுக்கு நான் கல் முட்டுக் கொடுத்தேன். ஸ்டெப்னியை மாட்டி, ஜாக்கிக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து நட்டு இறுக்கிக்கொண்டிருந்தேன். "இன்னும் எறக்காதடா, ஒரு நட்டு கீது" என்று சொன்னேன். சொன்னேன், நீ கேட்டாய், "செரி செரி" என்றும் சொன்னாய். உன் ஒரு கையில் போன், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால், ஜாக்கியை இறக்கத்துக்கு மாற்றும் சின்ன லீவரைத் தட்டினாய். கைப்பிடியை யாரும் பிடிக்கவில்லை. வண்டியின் பாரம் மொத்தமும் அதில் இறங்க, கைப்பிடி மேலும் கீழுமாக அடித்தது. முதல் அடி என் தாடையில்.

ஆஸ்பத்திரி வரைக்கும் நீ அழுதுகொண்டேதான் ஓட்டினாய். "ஏசப்பா, ஏசப்பா" என்று விடாமல் சொன்னாய். உன் சட்டையைக் கழற்றி என் முகத்தில் அழுத்தக் கொடுத்தாய். வாசலில் நிறுத்தியதும் என் பக்கம் குனிந்து, "நீ எதுவும் சொல்லாத மச்சி, நான் பாத்துக்கறேன்" என்றாய். ஸ்டெல்லா வண்டியை விற்கச் சொல்லிவிடுவாள் என்ற பயம் உனக்கு என்று நினைத்துக்கொண்டேன். தலையாட்டினேன்.

பார்த்துக்கொண்டாய்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். கஞ்சி கூட ஸ்ட்ராவில்தான். அங்கே நம் மேனேஜர் பார்க்க வந்தார், கூட நாலைந்து பேர். எப்படி நடந்தது என்று அவர் கேட்டது என்னைப் பார்த்து. பதில் சொன்னது நீ. என் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "நான் சொல்லச் சொல்ல கேக்கல சார். அவசரப்பட்டு லீவர எடுத்துட்டான்" என்றாய்.

நான் உன்னையே பார்த்தேன். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. "பேசாதீங்க, ஸ்ட்ரெய்ன் பண்ணிக்காதீங்க" என்று மேனேஜர் என் தோளைத் தட்டினார். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ ஆஸ்பத்திரிக்கு வரவுமில்லை.

கம்பி அவிழ்த்து நான் வேலைக்குத் திரும்பியபோது உன் கதை எனக்கு முன்னால் பட்டறை முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. காலை ஷிப்டுக்கு முன் எல்லோரையும் நிற்கவைத்துப் பாதுகாப்பு பற்றிப் பேசுவது என் பொறுப்பு என்று உனக்குத் தெரியும். என் அப்பா அடுத்தவன் வயலில் குனிந்தே காலம் கழித்தவர். அவருடைய மகன் பேச, இத்தனை பேர் நின்று கேட்கிறார்கள் என்பதில் எனக்கிருந்த பெருமையும் உனக்குத் தெரியும். முதல் நாள் நான் வாயைத் திறந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், லீவர மொதல்ல எடுக்கணுமா, கடைசில எடுக்கணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் அந்தக் கூட்டத்தில் இருந்தாய். சிரிக்கவில்லை, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தரையைப் பார்த்தாய். கொஞ்ச நாளில் அந்தப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கம்பெனி பஸ்ஸில் ஒருமுறை உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"ஏன்டா அப்டி சொன்ன?"

"வுடு மச்சி, ஆனது ஆச்சு. இப்ப மாத்திச் சொன்னா எனக்குப் பேஜாரு. உனக்கு இன்னா, வேலையா போயிடுச்சு?"

கவரைப்பேட்டையில் நீ இறங்கிப் போனாய். அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. அதன்பிறகு உன்னை ஸ்டோர்ஸ் ஜன்னலில் பார்த்தாலும் நான் வேறு ஆளிடம் சாமான் வாங்கினேன். ஒருநாள் நீயே கூப்பிடுவாய், பட்டறை நடுவில் நின்று சொல்லிவிடுவாய் என்று உள்ளுக்குள் எங்கோ காத்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குள் ஒரு காலையில் அதே ஸ்டோர்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. கல்லறையில் பெட்டியைத் தூக்க ஒரு தோள் குறைந்தது. "நீதானே அவனுக்கு ஃபிரெண்டு, வா" என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். தூக்கினேன்.

இன்று கடையில் வாங்கிய பாட்டில் ஜாக்கியையும், சதுரமாக அறுத்த தடித்த பிளைவுட் பலகை ஒன்றையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஜீப்பை நிறுத்தி ஸ்டெல்லாவையே செய்யவைத்தேன். ஹேண்ட் பிரேக், கியர், எதிர்ச் சக்கரத்துக்குக் கல். தூக்குவதற்கு முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துவது. பலகை, அதன்மேல் ஜாக்கி, ஆக்ஸிலுக்கு நேராக. எந்த நேரத்திலும் உடம்பு வண்டிக்கு அடியில் போகக் கூடாது. அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். சக்கரம் தரையை விட்டதும் முகமெல்லாம் சந்தோஷம். நெற்றியைத் துடைத்துக்கொண்டே, வெகுளியாகத்தான் கேட்டாள்: "இவ்ளோ வெவரம் தெரிஞ்ச ஆளு, அன்னிக்கு நீங்க ஏண்ணா அவசரப்பட்டு லீவர எடுத்தீங்க?"

எத்தனையோ வருஷமாக என் பல்லுக்கிடையில் நின்ற வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"நான் எடுக்கலம்மா. அவன்தான் எடுத்தான்."

அவள் கையிலிருந்த வீல் ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாமேண்ணா. இப்ப சொன்னா, அவரு வந்து இல்லன்னு சொல்ல முடியுமா?"

அவள் கேட்டது நியாயம். அன்று நான் வாய் கட்டிக் கிடந்தேன், நீ பேசினாய். இன்று நீ கிடக்கிறாய், நான் பேசுகிறேன். கேட்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது நீ. உண்மையைச் சொல்லும்போது கூட என்னைத் திருடன் மாதிரி நிற்கவைத்துவிட்டாய்.

நட்டுகளை இறுக்கி வண்டியை இறக்கினாள். நான் கிளம்பினேன். "சாப்டு போங்கண்ணா" என்றாள், குரலில் பழைய இயல்பு இல்லை. கோழிக் குழம்பு. நான் வலது பக்கமாகவே மெல்லுவதைப் பார்த்தாள் போலிருக்கிறது. என் தட்டிலிருந்த எலும்புத் துண்டுகளை எடுத்துவிட்டு, கறியைப் பிய்த்து வைத்தாள். நம்பினாளா என்று நான் கேட்கவில்லை. அவள் நம்பினாலும் எனக்கு அது போதாது. எனக்கு வேண்டியிருந்தது உன் வாயால் ஒரு வார்த்தை, அந்த மேனேஜருக்கு முன்னால், அந்தப் பின் வரிசைக்கு முன்னால். அதை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெரு முனையில் ஏதாவது ஜீப் வந்து நின்றால், படுக்கையிலிருந்து எழுந்து செருப்பை மாட்டிவிடுகிறேன். வாசல் வரை போன பிறகுதான் நினைவு வருகிறது. அதற்காகவும் உன்னை நான் மன்னிக்கவில்லை.