அம்மு சத்தமாக அழுதாள்

பிம்ப்ரி, புனே
ஏப்ரல் 2021

அன்புள்ள சுப்ரஜாவுக்கு,

சபரி எழுதுகிறேன். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருப்பதால் உன்னைப் போனில் பேச விடக்கூடாது என்று உன் வார்டு சிஸ்டர் சொல்லிவிட்டார். எழுதிக் கொடுத்தால் உன் கையில் சேர்த்துவிடுவாராம். மெதுவாகப் படி. மூச்சு வாங்கினால் நிறுத்திவிடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மு வீட்டில் இல்லை. நானும் அவளும் பிம்ப்ரியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். பயப்படாதே, மோசமான கட்டம் தாண்டிவிட்டது. தாண்டிய பிறகுதான் எழுதுகிறேன்.

உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகும் அம்மு நன்றாகத்தான் இருந்தாள். பக்கத்து வீட்டு ரமா அக்கா வாசலில் தள்ளி நின்றபடியே பால்பவுடர் கரைக்கச் சொல்லிக் கொடுத்தார். பிறகு ஒரு காலையில் குழந்தைக்கு உடம்பு கொதித்தது. சங்கில் புகட்டிய பால் கடைவாயில் வழிந்தது. அழ வாயைத் திறந்தாள், சத்தமே வரவில்லை. நம் விஷ்ராந்த்வாடியில் போன ஆஸ்பத்திரியிலெல்லாம் பச்சைக் குழந்தைக்குப் படுக்கை இல்லை என்றார்கள். கடைசியில் ரமா அக்காவின் கணவர் மகாதேவன் சார்தான் கார் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு எங்களை இங்கே கொண்டுவந்து விட்டார். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, வேண்டாம் சார் என்றேன். பேசாமல் ஏறுங்கள் என்றார்.

கொரோனா டெஸ்டில் அம்முவுக்கும் பாசிட்டிவ். கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும், ஆனால் இவளுக்கு மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குகிறது என்று டாக்டரம்மா சொன்னார். அந்தச் சின்ன மூக்கில் ஆக்சிஜன் டியூப் வைத்தார்கள். எனக்கும் வந்துவிட்டது, வெறும் இருமல்தான். அதனால்தான் அவளோடு இருக்க விட்டார்கள்.

உன்னிடமிருந்துதான் ஒட்டியதா என்று கேட்பாய். டாக்டரம்மாவிடம் நானும் கேட்டேன். வீட்டில் மூன்று பேருக்கும் இருக்கிறது, யாரிடமிருந்து யாருக்கு என்று யாராலும் சொல்ல முடியாது, அதை விட்டுவிட்டுப் போய்ப் பாலைக் கொடுங்கள் என்றார். நீயும் விட்டுவிடு.

நேற்று டியூபை எடுத்துவிட்டார்கள். இன்று ஊசி குத்தியதும் வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். மராட்டிக்கார நர்ஸ் கைதட்டிச் சிரித்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சரியாகத் தூங்கியே எத்தனையோ நாளாகிறது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

உன் அப்பா தினமும் கூப்பிடுகிறார். கிளம்பி வரத் துடிக்கிறார். இந்த நேரத்தில் ரயில் ஏற வேண்டாம் என்று கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றிக் கேட்டால், தேறி வருகிறாள் மாமா என்றுதான் சொல்கிறேன்.

உனக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் மாஸ்க் போட்டுக்கொண்டு நீயே தாய்ப்பால் கொடுக்கலாமாம். சங்குப் பாலைக் குடித்துவிட்டும் என் சட்டையில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தேடுகிறாள். இல்லையென்று தெரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

குப்புறப் படுக்கச் சொன்னால் மறுக்காமல் படு. கஞ்சி கொடுத்தால் குடித்துவிடு. சீக்கிரம் வா என்று நான் சொல்லமாட்டேன். எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். வந்துவிடு, அது போதும்.

உனக்காகக் காத்திருக்கும்,
சபரி