டப்பாவில் வெந்துகொண்டிருந்தது

மார்ச் 4, செவ்வாய்

டப்பா இன்றைக்கும் சூடேறி அணைந்துவிட்டது. டப்பா என்பது இவருடைய கம்ப்யூட்டர். சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு, பழசு. உள்ளே இவருடைய அனிமேஷன் படம் இருக்கிறது. கூட்டத்தோடு பறந்து போகாமல் தங்கிவிட்ட ஒரு நாரையின் கதை. விசிறி இரைந்தால் படம் வேகிறது, அதாவது இவர் வரைந்ததை டப்பா ஒவ்வொரு படமாக முடித்துத் தருகிறது என்று அர்த்தம். அணைந்து மறுபடி எழுந்தால் விட்ட இடத்திலிருந்து தானாகவே தொடரும்படி வைத்திருக்கிறார்.

முடியும்வரை பார்க்காதே என்று கேட்டுக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்கிறார். நானும் எட்டிப் பார்க்கவில்லை. இப்படி ஒரு பெண்டாட்டி எங்கே கிடைப்பாள், நானே என்னை மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் ரத்தம் எடுக்கிற லேபில் மேனேஜர் அக்கா கேட்டார்: “என்ன டைரக்டரம்மா, படம் எப்போ?”

“வெந்துட்டிருக்குக்கா” என்றேன். ரத்தம் கொடுக்க வந்தவர்கூடச் சிரித்துவிட்டார். எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொன்னால் பொய்.

சாப்பிடும்போது இவர் பெருமூச்சு விட்டார். “இந்த டப்பா மட்டும் கொஞ்சம் வேகமா இருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்.”

எத்தனையாவது தடவை இது? காதில் போட்டுக்கொள்ளாமல் ரசம் ஊற்றினேன். ஆனால் மனசில் விழுந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

நாத்தனார் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். இவர் துணைக்குப் போயிருக்கிறார், புதன்கிழமைதான் வருவார். டப்பாவை அணைத்துவிட்டுப் போனார்.

இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது. தம்பிக்குப் போன் போட்டேன். அவனுக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற வேலை.

“டப்பாவை வேகமாக்க முடியுமாடா?”

“புதுசு வாங்க வேணாம்க்கா. ப்ராசஸரை மட்டும் மாத்தலாம். ஆனா அந்தச் சின்ன டப்பாவுக்குள்ள கண்டதைத் திணிக்க முடியாது, ரொம்பச் சூடாகாத ரகமா இருக்கணும். ஒரு ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட மிஷின்ல அப்படி ஒண்ணு இருக்கு. மாமாகிட்டச் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டுச் செஞ்சா அதுல என்னடா இருக்கு?”

மார்ச் 8, சனி

தம்பி வந்தான், காபிகூடக் குடிக்காமல் ஓடிவிட்டான். ஏதோ ஆபீசில் எல்லா மிஷினும் படுத்துவிட்டதாம். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சின்ன வில்லை, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. இதற்காகவா இத்தனை நாள் படம் முடியவில்லை?

“நீயே போட்டுடுக்கா. குழந்தைக்கு நரம்பு தேடி ஊசி குத்துற கைதானே. மூலையில முக்கோணம் இருக்கும், அதையும் சாக்கெட்ல இருக்கற முக்கோணத்தையும் ஒண்ணா வெச்சு மெதுவா இறக்கு. அமுக்காத. சாக்கெட்டுக்குள்ள இருக்கற ஊசி ஒண்ணு வளைஞ்சாலும் போர்டு காலி.”

நாளைக்கு. கையெல்லாம் பரபரவென்று இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு, காலை

போச்சு. எல்லாம் போச்சு.

ஒழுங்காகத்தான் செய்தேன். மூடியைக் கழற்றினேன், விசிறியை எடுத்தேன். பழைய ப்ராசஸர் மேல் காய்ந்து கிடந்த, சூட்டைக் கடத்துகிற பசையை லேப் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். அதை எடுத்துவிட்டுப் புதியதை முக்கோணத்தோடு முக்கோணம் சேர வைத்து இறக்கினேன். தம்பி கொடுத்த புதுப் பசை ஒரு பட்டாணி அளவு. மூடினேன். பொத்தானை அழுத்தினேன்.

விசிறி சுற்றுகிறது. திரை கறுப்பு. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் கறுப்பு.

தம்பி போனை எடுக்க மாட்டேங்கறான். அவரோட இத்தனை நாள் உழைப்பு — நான் என்ன பண்ணிட்டேன்? யார் என்னைக் கேட்டா? தொடாம இருந்திருக்கக் கூடாதா?

அதே நாள், மதியம்

தம்பி கூப்பிட்டான். “ஐயோ அக்கா! போர்டுல இருக்கற பயாஸ் ப்ரோகிராமைப் புதுசாக்கிட்டுத்தானே மாத்தணும். இல்லன்னா அந்த போர்டுக்கு இது யாருன்னே தெரியாதே. நான் சொல்லலையா?”

“நீ எங்கடா சொன்ன!”

கண்டபடி திட்டினேன். பாவம், திட்டு முடிகிறவரை பொறுமையாக இருந்தான். பழையதைத் திரும்பப் போட்டேன், எழுந்துகொண்டது. எனக்கும் மூச்சு வந்தது. அவன் சொல்லச் சொல்ல பென்டிரைவ் வழியாகப் பயாஸைப் புதுப்பித்தேன். பிறகு மறுபடி கழற்றி, துடைத்து, புதியதை வைத்தேன். திரை வந்துவிட்டது! சத்தமே இல்லை, விசிறி ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதே நாள், மாலை

எழுதத்தான் வேண்டும். எழுதினால்தான் நம்புவேன்.

திரை வந்ததும் படம் தானாக வேகத் தொடங்கியது. திரையைத் திருப்பிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அதற்குள் முதல் படம் வந்துவிட்டது.

அது ஒரு சமையலறை. வெள்ளை அலமாரி, சாம்பல் மேடை, ஜன்னலில் வெயில்.

எவ்வளவு அழகு என்றுதான் முதலில் தோன்றியது. நாரை ஜன்னல் வழியாக உள்ளே வரப்போகிறது என்று நினைத்தேன். காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன்.

அடுத்தது வந்தது. அதே சமையலறை, பச்சை அலமாரி. அடுத்தது மரநிறம். அப்புறம் வேறு யாருடைய வீடோ, எல் வடிவ மேடை. அப்புறம் துணி அலமாரி, கதவு மூடி ஒன்று, திறந்து ஒன்று. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு மாடுலர் கிச்சன் கம்பெனியின் பெயர். முன்பெல்லாம் நாள் முழுக்க வெந்தது இப்போது மளமளவென்று வந்து விழுகிறது. சமையலறை, சமையலறை, சமையலறை. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாரையைத் தேடினேன். இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கிறது, நிறம் பூசவில்லை. தேதியைப் பார்த்தால், அதை அவர் கடைசியாகத் தொட்டது போன வருஷத்துக்கு முந்தின வருஷம்.

அப்படியென்றால் இந்தக் கதவுக்குப் பின்னால் இத்தனை நாள் என்ன நடந்தது? படத்துக்குத் தயாரிப்பாளர் மாதாமாதம் பணம் அனுப்புகிறார் என்றாரே, அது யார் பணம்? நான் யாருக்காகச் சத்தம் போடாமல் பாத்திரம் கழுவினேன்?

மார்ச் 10, திங்கள்

இன்று ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினேன். இதற்குமுன் இரண்டாவது தடவை குத்தியதே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

போனில் இவர், “டப்பாவுக்கு ரெஸ்ட் கிடைச்சிருக்கும்” என்றார். நான் உம் கொட்டினேன்.

வேறொரு பெண் என்றாலாவது எப்படிச் சண்டை போடுவது என்று தெரியும். தலைமுடியைப் பிடிக்கலாம். அலமாரியோடு எதைப் பிடித்துச் சண்டை போடுவது?

மார்ச் 12, புதன்

வந்தார். குளித்துவிட்டு அறைக்குள் போனார், டப்பாவைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார்.

“டப்பாவுக்கு என்ன ஆச்சு? சத்தமே வரல.”

“ப்ராசஸர் மாத்தினேன்.”

“நீயா?”

“நான்தான். எல்லாம் வெந்துருச்சு. எல்லாச் சமையலறையும்.”

அந்த முகத்தை எழுதத் தெரியவில்லை. நான் கத்துவதாக இருந்தேன், மூன்று நாளாக ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் இருந்தது. அவர் அறை வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் ஈரத்துண்டு.

“எப்பத்துல இருந்து?” என்றேன்.

“தயாரிப்பாளர் கையை விரிச்ச அன்னிக்கே. வீடு ஓடணுமேன்னு இந்த வேலைய எடுத்தேன்.”

“என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?”

“சொல்லத்தான் வந்தேன். நீ அன்னிக்குத்தான் லேப்ல எல்லாருக்கும் சொல்லிட்டு வந்திருந்த, டைரக்டர் பெண்டாட்டின்னு கூப்பிடறாங்கன்னு. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரல. அப்புறம் தினமும் அதே முகத்தோட வந்த.”

“அப்போ தப்பு என் மூஞ்சி மேலயா?”

“இல்ல. என் மேலதான்” என்றார். அதற்குமேல் என்ன சண்டை போட? வாக்குமூலம் கொடுத்துவிட்டவரை அடிக்கவா முடியும்? பாயை எடுத்து ஹாலில் விரித்துக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பேசவில்லை. ஆனால் ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“டப்பா வேகமா இருந்தா முடிஞ்சிருக்கும்னீங்களே, அதுவும் நடிப்பா?”

“அது நிஜம். கிச்சன் வேலை சீக்கிரம் முடிஞ்சா மிச்ச நேரத்துல நாரைகிட்டப் போயிடலாம்னு நினைச்சேன்.”

இப்போது மிச்ச நேரம் இருக்கிறது. காலையிலேயே கம்பெனி வேலை முடிந்துவிட்டது. கதவைச் சாத்தவில்லை, இனி எதற்கு? திரையில் நாரை நின்றது. எதிரில் இவர். நான் வேலைக்குப் போகும்போது எப்படி உட்கார்ந்திருந்தாரோ திரும்பி வரும்போதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாரையும் அப்படியே நின்றது.

என்னைவிட அவர்தான் ஆடிப்போயிருக்கிறார் என்று தோன்றியது. தோன்றியதே தவிர கோபம் குறையவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கு அது வரல.”

“எது?”

“படம். நேரம் இல்லாததால இல்ல. டப்பாவாலயும் இல்ல. வரல. இந்த மூணு நாள்ல நல்லாத் தெரிஞ்சுபோச்சு.”

நான் அழுதேன். அவர் அழவில்லை. பாரம் இறங்கியவர் மாதிரி இருந்தார், அப்புறம் நன்றாகத் தூங்கினார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அப்போ இந்தப் படத்துக்காக ஏங்கிட்டிருந்தது நான் ஒருத்திதானா? அந்த நாரைக்கு என்னைத் தவிர வேற யாரும் இல்லையா?

மார்ச் 21, வெள்ளி

இன்று லேபில் சொல்லிவிட்டேன். மேனேஜர் அக்கா வழக்கம்போல, “டைரக்டரம்மா” என்று ஆரம்பித்தார்.

“படம் இல்லக்கா. அவர் சமையலறை வரையறார். கம்பெனிக்கு.”

சிரிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், எப்படி நிமிர்ந்து நடப்பது என்று ராத்திரியெல்லாம் புரண்டிருந்தேன்.

“அப்படியா? அட, எங்க வீட்டு சமையலறையை இடிக்கணும்னு இருக்கோம். ஒண்ணு வரைஞ்சு தருவாரா?” என்றார் அக்கா. அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். இதற்கா இத்தனை பாடு? ஊசி குத்தினாற்போல் சுருக்கென்று முடிகிற இதற்குப் பயந்தா அவர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்?

வீட்டுக்கு வந்து, “ஒரு ஆர்டர் பிடிச்சிருக்கேன்” என்றேன். முகத்தைப் பார்த்தார், கிண்டலா நிஜமா என்று. நிஜம் என்று தெரிந்ததும் முதல் கேள்வி:

“அந்த அக்கா என்ன உயரம்?”

“உயரம் எதுக்கு?”

“சமைக்கறவங்க முழங்கைக்கு ஏத்த மாதிரிதான் மேடை போடணும். இல்லன்னா முதுகு போயிடும்.”

இதெல்லாம் இவருக்கு எப்போதிருந்து தெரியும்? “அப்போ நம்ம மேடை?” என்று சும்மா கேட்டு வைத்தேன்.

நம் மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். “நேரா நில்லு. கையை மடக்கு.” நின்றேன், மடக்கினேன். அளந்தார், நம்பாமல் மறுபடி அளந்தார். மேடை எனக்கு ரொம்பவே தாழ்வாம். இத்தனை வருஷமும் குனிந்துதான் சமைத்திருக்கிறேன், எனக்கே தெரியாது.

“எவன் போட்டான் இதை? மனுஷன் நின்னு சமைக்கற மேடையா இது?” என்று வீடு அதிரக் கத்தினார். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

நாரைக்காக அவர் ஒருநாளும் இப்படிக் கத்தியதில்லை.