குருவி எழுந்ததா என்று பார்க்கும் நேரம்

சோளக்காட்டுப் பரணில் இருந்தே எங்களை ஆளாக்கிய என் ஆத்தாவுக்கு,

நீ போய்ச்சேர்ந்து மூன்று தை முடிந்துவிட்டது. இதுவரை உனக்கு எழுதும்படி என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நேற்று ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

தம்பி முருகேசன் மதராஸில் இசைக் கல்லூரியில் சேர்ந்தபோது நான் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியும். "உருப்படுற வழியப் பாருலே" என்று நான் கத்த, நீ பாட்டுக்கு அவனுக்குக் கட்டுச்சோறு கட்டினாய். இப்போது அவனுக்குக் கடைசி வருஷம். சொந்தமாக மூன்று உருப்படி எழுதி, கூடப் படிப்பவர்களைக் கொண்டு ஊர்ப்பக்கம் வாசித்துக் காட்டினால்தான் அங்கே தேர்ச்சியாம். உன் மகன் எழுதிவிட்டான். ஒன்று வயலின்களுக்கு மட்டும். ஒன்று மிருதங்கமும் கடமும். மூன்றாவதில் இரண்டு வயலின், புல்லாங்குழல், முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின், மிருதங்கம், இவற்றோடு ஒரு மண்ணெண்ணெய் டின்.

நம் பரணில் கிடந்த அதே டின்தான். போன விடுமுறையில் அவன் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனபோது, படிப்பு முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நேற்று ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கச்சேரி. நான் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. முருகேசன் டின்னில் மூன்று அடி அடித்து நிறுத்துவான். எல்லாரும் நிறுத்த வேண்டும். மிருதங்கத் தம்பிக்கு மட்டும் கை நிற்கவில்லை. அந்தச் சும்மா இருக்கிற நேரத்தை எதையாவது வாசித்து நிரப்பிக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவு நேரம் நிறுத்தணும்னு ஒரு கணக்கே இல்லையே" என்றார் அவர். கூட வந்திருந்த வாத்தியாரும், "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லைன்னா இதை எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார். எடுத்துவிட்டால் தேர்ச்சி போய்விடும். உன் மகன் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்து அந்த நிறுத்தங்களை அழிக்கத் தொடங்கினான்.

எனக்கு முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது, அது நீ என்று.

"ஏலே, இது ஆத்தா தட்டுறதுல்ல?"

"ஆமாக்கா."

"அத அவுககிட்ட சொன்னியா?"

தலையைக் குனிந்துகொண்டான். "காட்டுல குருவி வெரட்டுனதுன்னு இவுககிட்ட எப்பிடிக்கா சொல்றது."

எனக்கு வந்ததே கோபம். நேராக மிருதங்கத் தம்பியிடம் போனேன்.

"தம்பி, சோளம் கதிர் பிடிச்சா குருவி வந்து மொய்க்கும். எங்க ஆத்தா பரண்ல உக்காந்து மூணு தட்டு தட்டிட்டு நிப்பாட்டும். குருவி எந்திரிச்சிருச்சான்னு பாக்கணும்ல? எந்திரிச்சா இன்னும் ரெண்டு போதும். இல்லைன்னா மறுபடியும் மூணு. விடாமத் தட்டுனா குருவி பழகிக்கிட்டு அங்கனயே உக்காந்து திங்கும். சின்னப்பிள்ளையில நானும் உங்களாட்டம் விடாமத் தட்டி, அரைக்காட்டத் திங்கக் குடுத்தவதான்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப நிறுத்துறப்ப நான் என்னக்கா செய்யணும்?"

"மேல பாருங்க."

வாத்தியாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார் முருகேசனிடம். நான் அவன் கையிலிருந்த பென்சிலையும் ரப்பரையும் பிடுங்கி என் மடியில் செருகிக்கொண்டேன்.

சாயங்காலம் நம்மூரிலிருந்து இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். முருகேசன் எழுந்து நின்றான். "இது எங்க ஆத்தா குருவி வெரட்டத் தட்டுனது. நான் எழுதிக்கிட்டது மட்டுந்தான்" என்றான்.

மூன்று அடி. நிறுத்தம். மேடையில் இருந்த ஆறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். திரும்பினால், நம்மூர் ஆட்களும் ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் பார்த்தேன். பிறகு இரண்டு அடி. வயலின்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. குருவி எழுந்துவிட்டது, ஆத்தா.

சுதந்திரம் வந்த வருஷத்துச் சோளத்துக்கு நீ தட்டியபோது, இவன் உன் மடியில் கிடந்த கைப்பிள்ளை. அப்போதே கேட்டுக்கொண்டுதான் கிடந்தானா? பக்கத்திலேயே இருந்த எனக்கு ஏன் அது வெறும் சத்தமாகவே போனது?

எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவனை நினைத்து, உன்னை நினைத்து, கொஞ்சம் என்னை நினைத்தும்தான்.

டின்னைத் திருப்பித் தரமாட்டானாம். வைத்துக்கொள்ளட்டும். வருகிற தையில் கதிர் பிடித்ததும் நான் வேறு டின்னோடு பரண் ஏறுவேன். மூன்று தட்டிவிட்டு நிறுத்துவேன். அந்த நேரத்தில் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு நேரம் என்று மட்டும் யாரும் என்னிடம் கணக்குக் கேட்கக் கூடாது.

உன் மூத்த மகள்,
அரைக்காட்டைத் தின்னக் கொடுத்த வள்ளி