அஞ்சலை சொன்னபடி எழுதாத மனு

7-10-74, திங்கள்

விடிய விடிய மழை. உப்பளத்தில் பாத்தியெல்லாம் தண்ணீர். உப்பு அம்பாரத்துக்குக் கீற்று மூடியாயிற்று. இனி தை வரை என் வீட்டுக்காரருக்கும் பாதி வேலைதான்.

கற்பூரம் 6 கட்டி. திரி தீர்ந்தது.

பிற்பகல் அஞ்சலை வந்தாள். உப்பு லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் குடிசை. அவள் தொழில் ஊருக்கே தெரியும். வாசற்படி தாண்டவில்லை. ஜில்லா ஆபீசுக்கு மனு எழுதித் தர வேண்டுமாம்.

"நான் சொல்றதை எழுதுங்கக்கா. வெயில்ல உப்பு வாருறேன், மழையில இது. மாசாமாசம் கேஸ் கணக்குக்கு என்னைப் புடிச்சிட்டுப் போறாங்க. வந்தவன் பேரு எந்தக் காயிதத்துலயும் இருக்காது. எம்பேரு மட்டும் இருக்குது. என்னைப் புடிக்க வேணாம். எம்பொண்ணை ஸ்கூல்ல சேர்க்க அப்பன் பேரு கேக்க வேணாம். அவ்ளோதான். சாமி பேரையெல்லாம் இழுத்து அழுவாச்சியா எழுதிடாதீங்க."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுதும்போது கொஞ்சம் திருத்தினேன். படித்துக் காட்டினேன். கைநாட்டு வைத்தாள். நகல் எடுத்துக்கொண்டேன். முருகா, அவளுக்கு நல்ல வழி காட்டு.

29-10, செவ்வாய்

கிணற்றுக் கயிறு அறுந்தது.

காலை ஜீப். ஓர் அதிகாரி அம்மாள், இரண்டு போலீஸ். பெண்கள் காப்பகத்துக்கு என்று அஞ்சலையை ஏற்றினார்கள்.

"நான் எங்க கேட்டேன்? உப்புத் தண்ணியில காலு புண்ணாயிக் கெடந்தப்போ எந்த ஜீப்பு வந்துது?"

அந்த அம்மாள் மனுவைக் காட்டினார். "நீதானேம்மா மீட்கச் சொல்லி எழுதியிருக்கே. கைநாட்டு உன்னுதுதானே?"

அஞ்சலை கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள்.

அவள் மகள் செல்வியை அழைத்து வந்துவிட்டேன். ஒன்பது வயது.

இவர்: "யாரு வூட்டுப் பொண்ணுன்னு தெரியுமில்ல?"

தெரியும் என்றேன்.

30-10, புதன்

நகலை எடுத்துப் பார்த்தேன். 'சேற்றில் விழுந்த அபலையைக் கரையேற்றி, தக்க இடத்தில் வைத்துக் காத்தருள வேண்டும்.' அவள் சொன்னது இதில் ஒரு வரி இல்லை. படித்துக் காட்டியபோது மட்டும் அவள் சொன்னபடி படித்தேன், எழுதியபடி அல்ல. நல்லது என்றுதான் செய்தேன்.

செல்வி சோறு தொடவில்லை. "அம்மா எப்ப வரும்னு நீங்க எழுதுனதுல போட்டிருக்குதா பெரிம்மா?"

9-11, சனி

காப்பகம். மூன்று பஸ் மாறிப் போனேன். கம்பி ஜன்னல். உள்ளே ரவிக்கை தைக்கக் கற்றுத் தருகிறார்கள்.

"ஊசி புடிக்கத் தெரியாமலாக்கா இந்தத் தொழிலுக்கு வந்தேன்?" என்றாள். பிறகு, "பொண்ணு சாப்புடுதா?"

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு கெடக்கட்டும். இந்த வாட்டி நான் பேசறதை எழுதுங்க. உங்க பாஷை வேணாம்."

10-11, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. பூசைக்கு முன்பே உட்கார்ந்தேன். அவள் சொன்னது சொன்னபடி. முதல் வரி மட்டும் நான்: 'முன் மனுவில் இருந்த வார்த்தைகள் அஞ்சலையுடையவை அல்ல. எழுதிய என்னுடையவை.'

இவருக்குப் படித்துக் காட்டினேன், எழுதியபடியே.

"கீழ நம்ம பேரு எதுக்கு? ஊரு என்னா பேசும்?"

நம் பேர் இல்லை, என் பேர் என்றேன். போட்டேன். கதவு எண்ணும்.

தபால்தலையைச் செல்வி ஒட்டினாள்.