கோமதியின் தேன்மெழுகுக் களிம்பு

ஜூன் 10, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. நனைந்துகொண்டு பள்ளிக்கூடம் போனது வீண். பத்தாவது நிமிடம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் உதட்டைச் சுற்றிய தடிப்பு பிள்ளைகளுக்குத் தொற்றுமாம். இரண்டாம் வகுப்பு அனகாவின் அம்மா புகார். டாக்டர் கடிதம் இல்லாமல் வகுப்புக்குள் வரக்கூடாது. பதினாறு வருஷம் பாடம் நடத்தியவளுக்கு இந்த மரியாதை.

நேரே தோல் டாக்டர். சின்னப் பெண். முகத்தில் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டாள். நாத்தனார் கோமதி வீட்டில் காய்ச்சி விற்கும் தேன்மெழுகுக் களிம்பு. அரிக்க அரிக்க இன்னும் பூசினேன். இயற்கைதானே என்று அசட்டு நம்பிக்கை. அதை நிறுத்தச் சொல்லி, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, கட்டத்துக்கு ஒரு பொருள் தடவிய பரிசோதனைப் பட்டைகளை முதுகில் வரிசையாக ஒட்டிவிட்டாள். வெள்ளிவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது.

ஜூன் 11, செவ்வாய்

ஈரத்துணியால் துடைத்துக்கொண்டேன். மாமியார் கணக்கில் அது குளியல் இல்லை. அடுக்களைக்குள் விடவில்லை. வாசற்படியில் நின்று நான் சொல்லச் சொல்ல இவர் சாம்பார் வைத்தார். புளி விட மறந்தார். யாரும் மூச்சு விடவில்லை. நான் மறந்திருந்தால்?

சாயங்காலம் கோமதி. "மன்னி, என் களிம்பு ஒண்ணும் பண்ணாது. ஒங்களுக்கு ஒடம்புச் சூடு, அதாக்கும்."

முதுகு வேறு அரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

புதனன்று டாக்டர் பட்டைகளை எடுத்தாள், இன்று மறுபடி பார்த்தாள். ஒரே ஒரு கட்டம் சிவந்து தடித்திருக்கிறதாம். அதில் இருந்தது, தேனீ தன் கூட்டின் விரிசலை அடைக்கப் பூசும் பிசின். மெழுகோடு கலந்து வருமாம். ஒவ்வாமைதான், தொற்று இல்லை என்று கடிதம் கொடுத்தாள். அப்பாடா.

வாங்க வேண்டியது: ரவை, சீயக்காய், குடைக்குக் கம்பி.

கோமதியிடம் முதுகைக் காட்டினேன். "நாலு நாள் குளிக்காம இருந்தா இப்படித்தான் இருக்கும், மன்னி" என்றாள். மாமியார் தலையாட்டல். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

தலைக்குக் குளித்தேன்.

ஜூன் 17, திங்கள்

வெயில். முகம் தெளிந்தாயிற்று. முதுகில் அந்தக் கட்டம் மட்டும் இன்னும் சிவப்பு. தலைமை ஆசிரியை கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வருத்தம் தெரிவிக்கக் கூடாதா?

வகுப்பு வாசலில் அனகாவின் அம்மா, வாயெல்லாம் பல்லாக, கையில் களிம்பு டப்பாவோடு. "டீச்சரோட முகம் இந்தக் களிம்பு போட்டுத்தான் மாறினதுன்னு கோமதி சேச்சி சொன்னாங்க. அனகாவுக்கும் வாங்கியாச்சு."

குழந்தையின் உதடு பளபளவென்று.

முந்தானையாலேயே துடைத்துவிட்டேன். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன். அம்மாக்காரியை ஆசிரியைகள் அறைக்குள் இழுத்துப் போய், கதவைச் சாத்தி, ரவிக்கைக் கொக்கியைக் கழற்றி முதுகைக் காட்டினேன்.