ஓரம் தைக்காத வானம்

அண்ணி,

பானையில் சுண்ணாம்பு கொதிக்கிறது. தண்ணீர் ஊற்றியதும் அடுப்பில்லாமலே குமுறி, அந்தக் கார நெடி கூடம் வரை வந்துவிட்டது. நாளை கல்லறைத் திருநாள். உங்கள் கல்லறைக்கு வெள்ளை அடிக்க, தென்னை மட்டையின் நுனியை அண்ணன் நசுக்கிக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு வெள்ளை அடிக்கப் போகிறோமாம். எழுதவே கை கூசுகிறது.

மோட்சத்தில் இருக்கிறீர்கள் என்று சுவாமியார் சொன்னார். நம்புகிறேன். ஆனால் மோட்சத்தில் கிழிந்த துணி இருக்காது, சண்டை இருக்காது. எனக்கு வேண்டியது என்னைத் திட்டுகிற அண்ணி. அதனால்தான் இத்தனை மாதமாக அந்தப் புளிப் பொட்டலத் தாளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏதோ பத்திரிகையின் பாதிப் பக்கம் அது. வானத்துக்கு எல்லையே இல்லாமல் இருக்கலாம், நட்சத்திரங்கள் எண்ணி முடியாதவையாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. மீதி கிழிந்துபோயிருந்தது. கடைத்தாளில் கிடைப்பதையெல்லாம் படித்தே வளர்ந்தவள் நான். புளியைத் தரையில் கொட்டிவிட்டுத் தாளோடு உங்களிடம் ஓடிவந்தேன்.

"அண்ணி! வானத்துக்கு முடிவே இல்லையாம்!"

நீங்கள் ஒரு துண்டுக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை.

"புளி எங்க புள்ள?"

"புளி கெடக்குது. முடிவே இல்லையாம், அண்ணி!"

"அளவில்லாதவரு சர்வேசுரன் ஒருத்தருதான். மத்ததெல்லாம் அவரு செஞ்சது. செஞ்ச துணின்னா ஓரம் இருக்கும்ல?"

"அந்த ஓரத்துக்கு அந்தாண்ட என்ன இருக்கும்?"

"உங்க அண்ணனோட அழுக்கு வேட்டி இருக்கும். எடுத்துட்டுப் போயித் தொவை."

ஓடைக்கு இருவரும்தான் போனோம். கரையில் கல்லாகிப்போன சிப்பி ஒன்றைக் காலால் புரட்டிக் காட்டினீர்கள். "இங்கல்லாம் கடல் இருந்துச்சாம். கடலே முடிஞ்சுபோன ஊருல உக்காந்துகிட்டு முடிவே இல்லங்குறியே, நாத்தனாரே!"

நான் விடுவேனா? வீட்டுக்கு வந்து நீங்கள் மறுபடி துண்டைத் தைக்க எடுத்ததும், உங்கள் தையல் டப்பாவை வைத்தே உங்களை மடக்கப் பார்த்தேன்.

"உங்ககிட்ட நாலு கலர் நூலுதான இருக்கு? முடிவே இல்லாத துணியில தைச்சுக்கிட்டே போனா, போட்ட பூவேதான திரும்ப வரணும்? அது மாதிரி வானத்துக்கு முடிவில்லன்னா, இந்த வூடு, அண்ணன், நீங்க, நானு, எல்லாமே எங்கயோ தூரத்துல இன்னொரு தடவை இருக்கணும்ல?"

அப்போதுதான் ஊசியை நிறுத்தினீர்கள். "அப்ப அங்கயும் ஒருத்தி உக்காந்து உன் தொணதொணப்பைக் கேட்டுக்கிட்டிருக்காளா? ஐயோ பாவம் அவ!" சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறியது.

உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தத் துண்டில் மூன்று பக்கம் முடிந்திருந்தது. பெரம்பலூர் டாக்டரைக் கூட்டிவரப் போன அண்ணன், பெட்ரோல் கிடைக்காமல் கரிப் புகையில் ஓடுகிற பஸ் வழியில் நின்றுபோய், நடந்தே வந்துகொண்டிருந்தார். நான் உங்கள் காலைத் தேய்த்தபடி அழுதேன். கண்ணைத் திறந்தீர்கள்.

"ஏ நாத்தனாரே. நீ சொன்னதே சரின்னு வச்சுக்க. ஓரமே இல்ல. அங்க ஒருத்தி இருக்கா. அவளுக்குக் காய்ச்சல் இல்ல. போதுமா?"

அதன்பிறகு நீங்கள் எதுவும் பேசவில்லை.

அது உண்மையாகவே ஒப்புக்கொண்டதா, அண்ணி? இல்லை, அழுகிற பிள்ளையை அடக்கச் சொன்னதா? ஒரு தடவையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? ஒவ்வொரு நாளும் அந்த இன்னொருத்தியை நினைத்துத்தான் எழுந்திருக்கிறேன். துண்டில் நீங்கள் தைக்காமல் விட்ட நாலாவது ஓரத்தை யாரையும் தொடவிடவில்லை. ஓரமில்லை என்பதற்கு அது ஒன்றுதான் எனக்குச் சாட்சி.

கல்லறைக்குப் போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

அண்ணன்தான் வெள்ளை அடித்தார். சிலுவையின் இடுக்குகளுக்குள்ளெல்லாம் விரலாலேயே சுண்ணாம்பைத் தடவினார். முடித்துவிட்டு, வெந்துபோன விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த வேலை இன்னொரு பயலுக்கு வரக்கூடாது புள்ள. என்னோட போவட்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அண்ணி. ஓரமில்லாத வானத்தில் காய்ச்சல் இல்லாத அண்ணி ஒருத்தி இருந்தால், காய்ச்சலில் கிடக்கிற அண்ணிகளும் இருக்க வேண்டுமே. போட்ட பூ திரும்ப வரும் என்று சொன்னவள் நான்தானே? அங்கேயும் பஸ் நின்றுபோகும். அங்கேயும் ஒரு அண்ணன் விரல் வெந்து நிற்பார். எண்ணி முடியாத அண்ணன்கள், எண்ணி முடியாத கல்லறைகள். இதையா நான் இத்தனை நாளாக வேண்டிக்கொண்டிருந்தேன்?

வேண்டாம், அண்ணி. ஓரம் இருக்கட்டும். நீங்கள் விட்டுக்கொடுத்ததை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் சொன்னதே சரியாக இருக்கட்டும். அந்தக் காய்ச்சல் ஒரே ஒருத்திக்கு, ஒரே ஒரு தடவை வந்ததாக இருக்கட்டும்.

துண்டை எடுத்துவிட்டேன். நீங்கள் குத்திவைத்த இடத்திலேயே ஊசி லேசாகத் துருப்பிடித்திருக்கிறது. உங்களைப் போலவே விரல்நுனியால் மடித்து, நகத்தால் அழுத்தி, நாலாவது பக்கத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். கண் மறைக்கிறது, தையல் கோணலாகத்தான் போகிறது. பிரித்துப் போடு என்று திட்ட நீங்கள் இல்லை. இங்கேயும் இல்லை, எங்கேயும் இல்லை.