பூரித்த கை

அக்கா,

பேனாவுக்காகக் கைப்பையைத் துழாவியபோது உள்ளே கண்ணாடி வளையல்கள் கிலுங்கின. உன் மகளின் வளைகாப்புக்காகப் போன வாரம் சிராங்கூன் சாலையில் வாங்கியவை. சுற்றிய காகிதத்தைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. சற்று முன்புதான் அவளை அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளை கப்பல் பட்டறையிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். அவர் வந்து சேரும்வரை பேச எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

உன் வளைகாப்பு நம் செம்பவாங் வீட்டில் நடந்தது. அளவு பார்த்து வாங்கிய வளையல் உன் கையில் ஏறவில்லை. பெரியம்மா சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளிப் பார்த்துவிட்டு, "புள்ளத்தாச்சி எப்படிப் பூரிச்சிருக்கா பாருங்கடி" என்றார். "பூரிச்சிருக்கேனா, பூரி மாதிரி உப்பியிருக்கேனா? சரியாச் சொல்லுங்க பெரியம்மா" என்றாய். கூடமே சிரித்தது. முகத்திலும் பாதத்திலும் இருந்த வீக்கத்தையெல்லாம் தாய்மையின் அழகு என்றுதான் பார்த்தோம். அடுத்த வாரமே உனக்கு வலிப்பு வந்தது. குழந்தையை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

அதற்குப் பிறகு, நான் வேலை பார்க்கும் பத்திரிகையின் செய்தி மேசையில் ‘பூரிப்பு’ என்ற சொல் கண்ணில் பட்டால் அடித்துவிட்டு ‘மகிழ்ச்சி’ என்று போடுவது என் வழக்கமாகிவிட்டது. "மேடத்துக்குப் பூரிப்பே ஆகாது லா" என்று இளைய நிருபர்கள் கேலி செய்வார்கள். அவர்கள் காரணம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

உன் மகள் கருவுற்றதும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே உன்னைப் பற்றியதுதான். அம்மாவுக்குக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் இருந்ததா என்றார். இவள் என் முகத்தைப் பார்த்தாள். உன் கை வீங்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் சாவைப் பற்றிக் கேட்டதால்தான் அவர் இவளை அடிக்கடி வரவழைத்தார், ரத்தத்தைத் தனியாகச் சோதிக்கவும் சொன்னார். நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்தில் இரண்டு புரதங்கள் கலக்கின்றனவாம். ஒன்று கூடி மற்றது குறைந்தால், வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே ஆபத்து நெருங்குவதை ஊகித்துவிடலாமாம்.

இவளுக்கு அந்தக் கணக்கு எல்லை தாண்டியிருந்தது. கை மெலிந்துதான் இருந்தது அக்கா, மோதிரம்கூட லேசாகச் சுழன்றது. நன்றாகச் சாப்பிட்டாள், சிரித்தாள். ரத்தம் மட்டும் வேறு சொன்னது. வார்டில் சேர்த்தார்கள். இதற்கு மருந்து என்ன என்று மருத்துவரிடம் கேட்டேன். பிள்ளையை வெளியே எடுப்பதுதான் தீர்வு, ஆனால் பிள்ளை இன்னும் ரொம்பச் சிறியது, முடிந்த மட்டும் தள்ளிப்போடுவோம் என்றார். கேள்வி கேட்டே பிழைத்தவள் நான். முன்கூட்டியே தெரிந்துகொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அழுத்தம் ஏறினால் தலை வலிக்கலாம் என்றார்கள். அதனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் அவளிடம் அதையே கேட்டேன். "நீங்க கேட்டுக் கேட்டுத்தான் சித்தி வலிக்குது. கீழ போய் பராட்டா சாப்பிட்டு வாங்க" என்றாள்.

இன்று மதியம் சாய்ந்து படுத்திருந்தவள், "சித்தி, அந்தத் திரையைக் கொஞ்சம் இழுத்து விடுங்களேன். வெளிச்சம் கண்ணைக் குத்துது" என்றாள்.

நீ எங்களிடம் கடைசியாகக் கேட்டதும் அதைத்தான். "லைட்ட அணைடி, கண்ணு கூசுது." அணைத்தோம். நன்றாகத் தூங்கட்டும் என்று கதவையும் சாத்திவிட்டு வந்தோம்.

நான் திரையைத் தொடவில்லை. மணியை அழுத்தினேன். தாதி வந்து நின்ற பிறகும் விரலை எடுக்கவில்லை போலிருக்கிறது, அவர்தான் என் கையைப் பிடித்து விலக்கினார். "திரைதானே கேட்டேன், எதுக்கு இப்ப இவங்கள..." என்று இவள் அலுத்துக்கொள்ளும்போதே ரத்த அழுத்தக் கருவியில் எண் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, நீங்க உள்ள வரமாட்டீங்களா?" என்றாள். வரமுடியாதாம்.

நீ விட்டுப்போன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அக்கா, இத்தனை வருடமாக வைத்துக்கொண்டிருந்தேன். இன்று அதை இவளுக்குக் கொடுத்துவிட்டேன். அது போதுமா என்று யாரும் இன்னும் வெளியே வந்து சொல்லவில்லை.